ஆராய்தலும் ஆராய்வித்தலும்
முனைவர் பட்ட நெறியாளர் பயிற்சி குறித்து ஒரு விளக்கம்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு உண்டு. உண்டான் என்பது தன்வினை. உண்பித்தான் என்பது பிறவினை. இரண்டும் ஒரே வினையடியினின்று பிறந்தன. ஆயினும் அவற்றின் தொழில்கள் வெவ்வேறு. உண்ணத் தெரிந்தவர் அனைவரும் உண்பிக்கத் தெரிந்தவர் ஆகார். குழந்தைக்குச் சோறூட்டும் தாயைக் கண்டோர் இதனை நன்கு அறிவர். ஆராய்தலும் ஆராய்வித்தலும் அத்தகையனவே. தாமே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், அதனாலேயே பிறரை ஆராய்விக்கும் திறமும் பெற்றுவிடுகிறார் என்று நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளன. அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதையும், ஆராய்விப்பார்க்குத் தனிப் பயிற்சி வேண்டுமாயின் அஃது எத்தகையதாக அமைய வேண்டும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

1. விதிகள் கேட்பனவும் கேளாதனவும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் விதிகளாக வகுத்துள்ளது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளிவந்த விதிகளின்படி, முனைவர் பட்டமும், தகுதியுடையோர் மதிப்பிட்டு வெளியிடும் ஆய்விதழ்களில் ஐந்து கட்டுரைகளும் உடைய பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் நெறியாளர் ஆகலாம். உதவிப் பேராசிரியராயின் பட்டத்தோடு மூன்று கட்டுரைகள் போதும். பேராசிரியர் ஒரே காலத்தில் எண்மரையும், இணைப் பேராசிரியர் அறுவரையும், உதவிப் பேராசிரியர் நால்வரையும் நெறிப்படுத்தலாம்.

இதே விதிகள் ஆய்வு மாணவர்க்கு விதித்திருப்பதனையும் நோக்குதல் வேண்டும். மாணவர் குறைந்தது 12 மதிப்பலகு கொண்ட பாடப்பயிற்சியை முடித்தல் வேண்டும். ஆய்வு அறமும் வெளியீட்டு அறமும் பற்றிய பாடத்தைக் கற்றல் வேண்டும். தம் துறையில் கற்பித்தற் பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் பெறுதல் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு அறிவுரைக் குழுவின் முன் தம் பணியை எடுத்துரைத்தல் வேண்டும். இவையனைத்தும் நல்லனவே.

ஆராய்வார்க்கு இத்துணைப் பயிற்சி கேட்கும் விதி, ஆராய்விப்பார்க்கு எதனைக் கேட்கிறது? பட்டம், கட்டுரை எண்ணிக்கை, பணிநிலை, ஓய்வுக்கு எஞ்சிய ஆண்டுகள் ஆகிய இவற்றையே கேட்கிறது. இவை அனைத்தும் அவர் தாமே செய்த ஆராய்ச்சிக்கும் பணிக்கும் உரிய சான்றுகள். பிறர் எழுதிய இயல் ஒன்றை அவர் என்றேனும் படித்துத் திருத்தியுள்ளாரா, ஒரு மாணவர் தலைப்பைத் தேர்வதற்கு உதவியுள்ளாரா, வாய்மொழித் தேர்வில் உடனிருந்துள்ளாரா என்னும் வினாக்களை விதி எழுப்பவில்லை. மூன்றாம் கட்டுரை அச்சேறிய மறுநாளே நால்வரின் ஐந்தாறு ஆண்டுகள் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படலாம் என்பதே இதன் பொருள்.

2. நன்னூல் வகுத்த இலக்கணம்

ஆசிரியர்க்கு இலக்கணம் வகுத்தல் நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலின் இயல்பைச் சொன்ன பின்னர் ஆசிரியர், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர், பாடங்கேட்கும் முறை ஆகியவற்றை வரிசையாக விளக்குகிறது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் உவமைகள். ஆசிரியர் ஆகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகிய நான்கும் உவமைகள். இப்பின்னைய நான்கும் இன்றைய நெறியாளரின் குறைகளைக் காண்பதற்கு வியக்கத்தக்க வகையில் துணைபுரிகின்றன.

கழற்சிக்காய்களைக் குடத்துள் இட்டுக் கவிழ்த்தால் அவை இட்ட முறையில் வெளிவாரா. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் வீழும். முதற்சந்திப்பிலேயே நூற்பட்டியல், கோட்பாடு, இயற்பகுப்பு, முடிவுரை என அனைத்தையும் கொட்டிவிட்டு, அடுத்த சந்திப்பில் வேறொரு வரிசையைச் சொல்லும் நெறியாளர் கழற்குடம் ஆவார். அறிவு அவரிடம் நிறைய உண்டு. அதற்குரிய முறையே இல்லை.

மடற்பனையின் கருக்கு அருகே வருவாரைக் கிழிக்கும். பழம் தானே வீழ்ந்தால் பெறலாமேயன்றி, ஏறிப் பறித்தல் அரிது. மாணவர் வினவ அஞ்சும் வண்ணம் நடந்துகொள்பவர் இவ்வகையினர்.

பருத்தியை அடைத்த குடுக்கையினின்று பஞ்சைச் சிறிது சிறிதாகவே பிடுங்கி எடுத்தல் இயலும். ஆறு திங்களுக்கு முன் கொடுத்த இயலுக்கு ஒரு பக்கக் குறிப்பு மட்டும் தருபவர் பருத்திக்குண்டிகை ஆவார்.

முடத்தெங்கு, நீர் வார்த்தவர் தோட்டத்தை விட்டு அயலார் தோட்டத்தில் காயை வீழ்த்தும். தம் மாணவர் தம்மிடம் பெறவேண்டிய நேரத்தையும் கருத்தையும் பிற மேடைகளுக்கும் பிற பணிகளுக்கும் வழங்கிவிடுபவர் இவ்வகையில் அடங்குவர்.

நால்வரும் கல்லாதவர் அல்லர் என்பது இங்கு நுட்பமாக உணரத்தக்கது. குடத்தில் காய் உண்டு. பனையிலும் தெங்கிலும் பழம் உண்டு. குண்டிகையில் பஞ்சு உண்டு. கொடுக்கும் முறையிலேதான் குறை உள்ளது. புலமை வேறு, புலமையை வழங்கும் திறம் வேறு என்பதனைப் பவணந்தியார் தெளிவாகப் பிரித்துக் கண்டார்.

பாடங்கேட்கும் முறையில் அவர் கூறும் கணக்கொன்றும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஆசிரியர் உரைத்ததனை நன்கு உள்ளங்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது காற்பகுதியே. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பகுதி வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பகுதி நிறையும் என்பது அக்கணக்கு. ஆசிரியரின் பங்கைக் கால் என்று ஓர் ஆசிரியரே வரையறுத்தமை போற்றத்தக்கது. ஆய்வு மாணவர் ஒருவர் தம் நெறியாளரை மட்டுமே கண்டு, தம்மொத்த ஆய்வாளரோடு பழகாமலும் எவர்க்கும் எடுத்துரைக்காமலும் ஆய்வேட்டை முடிப்பாராயின், இக்கணக்கின்படி அவர்க்கு முக்காற்பகுதி கிட்டாமற் போகிறது. மற்ற இரண்டிற்கும் வாயில் திறந்துவிடுதல் நெறியாளரின் கடமை.

3. தமிழாய்வு கண்ட அனுபவம்

நெறியாளர்க்குப் பயிற்சி எதற்கு? பண்டைப் பேராசிரியர் எவரும் அத்தகைய பயிற்சி பெற்றிலரே என்று வினவுவார் உளர். இவ்வினா தக்கதே; ஆதலின் வரலாற்றை நோக்கி விடை காண்போம்.

பண்டைப் பேராசிரியர் பயிற்சி பெற்றிலர் என்பது உண்மையன்று. பயிற்சி என்னும் பெயரில் அதனைப் பெற்றிலர் என்பதே உண்மை. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவர் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குப் பாடங்கேட்டார். உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876 வரை உடனிருந்து கற்றார். அவர் கற்றது நூற்பொருளை மட்டும் அன்று. ஆசிரியர் பலதரப்பட்ட மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லும் வகையையும் நாள்தோறும் கண்டார். ஆசிரியரின் அருகிருந்து ஆசிரியத் தொழிலைக் காணுதல் என்னும் பயிற்சி அம்மரபின் உள்ளேயே அமைந்திருந்தது.

பல்கலைக்கழகங்களில் தமிழாய்வு தோன்றியபோது நிலை மாறியது. மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்து நெறியாளர் பலர் தாம் முனைவர் பட்டம் பெறாதவர். பழுத்த புலமையே அவர்தம் உரிமை. மாணவர் மிகச் சிலர். ஆதலின் பழைய மரபின் நெருக்கம் ஓரளவு தொடர்ந்தது.

இந்நிலையில் தமிழாய்வு உலகம் ஒரு நல்ல முயற்சியைக் கண்டது. புனே நகரத்து டெக்கான் கல்லூரி 1950களின் நடுவில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு மொழியியல் கோடைப் பள்ளிகளைத் தொடங்கியது. இந்திய மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அப்பள்ளிகளில் மாணவராக அமர்ந்தனர். ஒலியன், உருபன், தொடரமைப்பு ஆகியவற்றைக் காணும் முறையைக் கற்றனர். அம்முறையைத் தம் துறைக்குக் கொண்டு சென்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் தலைமையில் வளர்ந்த மொழியியல் துறை, 1960களின் முற்பகுதியில் மொழியியல் உயராய்வு மையம் ஆயிற்று. ஆய்வு நடத்துவிப்போரை முதலிற் பயிற்றி, அவர்வழியே மாணவரைப் பயிற்றுதல் என்னும் வரிசை இங்கே பின்பற்றப்பெற்றது.

கேரளப் பல்கலைக்கழகத்தில் வ. அய். சுப்பிரமணியம் மேற்கொண்ட நெறியும் குறிப்பிடத்தக்கது. அவர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் புறநானூற்று மொழியை ஆராய்ந்து 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. பின்னர் அவர் துறையின் மாணவர்கள் பழந்தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லடைவும் இலக்கண விளக்கமும் செய்தனர். ஒரு மாணவரின் ஆய்வு அடுத்த மாணவரின் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. தலைப்புகள் உதிரியாக நில்லாமல் ஒரு திட்டத்தின் உறுப்புகளாக நின்றன. முறை ஒன்றாதலின், மாணவர்கள் ஒருவர் பணியை ஒருவர் சரிபார்க்கவும் இயன்றது. இதன் குறையாக ஒன்றைச் சொல்லலாம்: ஒரே அச்சில் பல ஆய்வேடுகள் வார்க்கப்படும் இடரும் இம்முறையில் உண்டு. எனினும் நெறிப்படுத்தல் என்பது தனியொருவரின் மனப்பாங்கு மட்டும் அன்று, திட்டமிட்டு நடத்தத்தக்க தொழில் என்பதனை இஃது எண்பிக்கிறது.

வேறொரு வகையில் சிந்திக்கச் செய்வது இலங்கை அறிஞர் இருவரின் வரலாறு. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தனர். முன்னவர் தமிழ் வீரயுகப் பாடலையும் பின்னவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தையும் ஆய்பொருளாகக் கொண்டனர். அவ்வாய்வுகள் முறையே 1968, 1981 ஆகிய ஆண்டுகளில் நூல்களாக வந்தன; இன்றும் எடுத்தாளப்படுகின்றன. இவ்விருவரையும் நெறிப்படுத்திய ஜார்ஜ் தாம்சன் தமிழறிஞர் அல்லர். கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்கப் பாடலின் சொற்பொருளை அவர் மாணவர்க்குச் சொல்லியிருத்தல் இயலாது. அவர் வழங்கத்தக்கவை ஒப்பீட்டு நோக்கும், சமூக வரலாற்றோடு இலக்கியத்தை இணைத்துக் காணும் முறையும், சான்றைக் கேட்கும் வினாவுமே. அவை போதியனவாயின. பொருளறிவில் மாணவர் நெறியாளரை விஞ்சி நிற்றல் இயல்பு. ஐந்தாண்டு ஒரே பொருளில் உழைப்பவர் அதில் விஞ்சாவிட்டாலே குறை. எனவே நெறியாளரின் தொழில் பொருளைச் சொல்லுவதில் அன்று, பொருளை நோக்கி வினவச் செய்வதில் அடங்கியுள்ளது.

இதன்பின் கல்லூரிகள் பெருகின, மாணவர் பெருகினர், நெறியாளரும் பெருகினர். மரபில் அமைந்திருந்த அணுக்கப் பயிற்சி இப்பெருக்கத்தில் கழன்று போயிற்று. அதனிடத்தில் வேறொன்று வைக்கப்பெறவில்லை. ஆசிரியர்க்கான பொதுப் புத்தொளிப் பயிற்சிகள் 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் வழியே நடந்தன. 2023 முதல் மாளவியா பெயரிலான பயிற்சித் திட்டத்தின்கீழ் நடைபெறுகின்றன. அவை வகுப்பறைக் கற்பித்தலுக்கும் பாட வளர்ச்சிக்கும் உதவுகின்றன. அறுபது மாணவர்க்கு ஒருமணி நேரம் உரைத்தலும், ஒரு மாணவரோடு ஐந்தாண்டு நடத்தலும் ஒன்றல்ல.

4. பிற நாட்டார் சிந்தனை

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவில் 1985இல் இங்க்ரிட் மோசஸ் என்னும் கல்வியறிஞர் ஓர் எளிய வினாநிரலை வகுத்தார். தலைப்பைத் தேர்வது யார் பொறுப்பு, சந்திப்பை முன்னின்று அமைப்பவர் யார், வரைவைப் படிக்க வற்புறுத்துபவர் யார் என்பன போன்ற கூற்றுகளை நெறியாளரும் மாணவரும் தனித்தனியே மதிப்பிட்டுப் பின்னர் ஒப்பிட்டுப் பேசுதல் அதன் முறை. பிணக்குகள் பெரும்பாலும் அறியாமையால் அன்று, எதிர்பார்ப்பு வேறுபாட்டால் எழுகின்றன என்பது அதன் அடிப்படை.

அந்நாட்டின் டெரி கேட்பீல்டு 2005இல் நெறிப்படுத்தலை இரண்டு அளவுகோல்களால் பகுத்தார். ஒன்று ஒழுங்கமைப்பு, மற்றொன்று ஆதரவு. இரண்டும் குறைந்தது விட்டுவிடும் பாங்கு. ஒழுங்கு மிக்கு ஆதரவு குறைந்தது ஆணையிடும் பாங்கு. ஆதரவு மிக்கு ஒழுங்கு குறைந்தது அரவணைக்கும் பாங்கு. இரண்டும் மிக்கது உடன்படிக்கைப் பாங்கு. இவற்றுள் ஒன்றே எக்காலத்தும் சிறந்தது என்பதன்று. ஆய்வின் நிலைக்கேற்பப் பாங்கு மாறுதல் வேண்டும். தொடக்கத்தில் வழியறியா மாணவர்க்கு ஒழுங்கும் ஆதரவும் மிக வேண்டும். தரவு திரட்டும் காலத்தில் சற்று விலகி நிற்றல் நன்று. எழுதும் காலத்தில் மீண்டும் அணுகி வருதல் வேண்டும்.

2005இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் கூடி முனைவர் பட்டக் கல்விக்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தபோது நெறிப்படுத்தலும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. தனியொரு நெறியாளர்க்கு மாற்றாக நெறியாளர் குழு அமைதலும், புதிய நெறியாளர் பயிற்சி பெற்றுத் தொடங்குதலும் பிரித்தானியாவில் வழக்காகியுள்ளன. இவற்றை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. நம் மாணவர் யார் என்பதனை முதலில் நோக்குதல் வேண்டும்.

5. வ. புதுப்பட்டியிலிருந்து வரும் மாணவர்

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து உள்ளது வ. புதுப்பட்டி. திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரை செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் பிரியும் வழியே அங்குச் செல்லலாம். கண்மாயும் வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த பகுதி. அவ்வூரிலிருந்து ஒருவர் தமிழாய்வுக்கு வருகிறார் என்று கொள்வோம். அவர் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல்வர் அவரே. ஆய்வேடு என்பது எவ்வாறிருக்கும் என்பதனை வீட்டில் எவரும் கண்டதில்லை. தம் வட்டார ஊர்ப்பெயர்களை ஆராய வேண்டும் என்னும் விருப்பத்தோடு அவர் வருகிறார்.

பயிற்சியில்லா நெறியாளர் இரண்டில் ஒன்றைச் செய்வார். ‘இதில் என்ன புதுமை உண்டு? நாவல் ஒன்றை எடுத்துக்கொள்க’ என்று தம்மிடம் உள்ள தலைப்பைத் தருவார். அன்றேல் ‘நன்று, செய்க’ என்று கையொப்பமிட்டு மூன்றாண்டு கழித்து நூறு பெயர்களின் பட்டியலைப் பெறுவார். முன்னதில் மாணவரின் விருப்பம் மடிகிறது. பின்னதில் ஆராய்ச்சி பிறப்பதே இல்லை.

பயிற்சியுள்ள நெறியாளர் செய்வது யாது? முதலில், ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்த நாள்முதல் இத்துறையில் நடந்தவற்றை மாணவரைக் காணச் செய்வார். பின்னர் அவர் கொணர்ந்த பெயர்களையே முன்வைத்து வினவுவார். புதுப்பட்டி என்னும் பெயர் தமிழகத்தில் பலவிடத்தும் உண்டு. ஆதலின் வத்திராயிருப்பின் முதலெழுத்து அடையாயிற்று. ‘புது’ என்றால் எதனினும் புதிது? எக்காலத்துப் புதிது? பழைய பட்டி எங்கே? ‘பட்டி’ ஆநிரை அடைத்த இடமா, சிற்றூரா? இவ்வினாக்கள் எழுந்தவுடன் பட்டியல் சிக்கலாக மாறுகிறது. சிக்கல் தோன்றிய இடமே ஆராய்ச்சி தோன்றும் இடம்.

அடுத்து மாணவர் திருவில்லிபுத்தூரைக் கொணர்கிறார். வில்லி என்னும் வேட்டுவன் அமைத்த ஊர் என்னும் தலவரலாற்றை எழுதி வருகிறார். புத்தூர் என்பதனைப் புற்று என்னும் சொல்லோடு இணைக்கலாமா என்றும் ஐயுறுகிறார். நெறியாளர் அதனை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. ‘இப்பெயர் வழங்கும் மிகப் பழைய சான்று எது?’ என்று மட்டும் வினவுகிறார். மாணவர் பெரியாழ்வார், ஆண்டாள் பாசுரங்களின் திருக்கடைக்காப்புகளைத் தேடிச் செல்கிறார். வில்லிபுத்தூர் என்னும் வடிவையும் புதுவை என்னும் வடிவையும் அங்கே காண்கிறார். புதுவை என்னும் மரூஉ, ‘புது’ என்னும் அடையே அக்காலத்தார் உணர்ந்த பொருள் என்பதற்குத் துணையாகிறது என்று தாமே எழுதி வருகிறார். இது முடிந்த முடிபு அன்றாயினும், சான்றின்மேல் நின்ற முதற்கருத்து. அதனை நெறியாளரே முதல்நாளில் சொல்லியிருப்பாராயின் மாணவர்க்கு ஒரு செய்தி கிடைத்திருக்கும், முறை கிடைத்திராது.

அப்பகுதியிலேயே சுந்தரபாண்டியம், கூமாப்பட்டி, கான்சாபுரம் ஆகிய ஊர்கள் உள்ளன. சற்றுத் தெற்கே இராசபாளையம். பாண்டியர் பெயர், பட்டி, பாளையம் என வரலாற்று அடுக்குகள் பெயர்களில் தோன்றுகின்றன. கான்சாபுரம் என்பதனை, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பெற்ற கான்சாகிபு யூசுப்கான் பெயரோடு இணைக்கும் ஆவல் மாணவர்க்கு எழும். ஒலியொப்புமை ஐயத்தை எழுப்பும். முடிவைத் தாராது என்று நெறியாளர் நிறுத்தி, கல்வெட்டு, நிலவரி ஆவணம், பழைய நிலப்படம், ஊரார் வாய்மொழி ஆகிய நான்கையும் தனித்தனியே திரட்டச் சொல்வார். வாய்மொழியைப் பதிவு செய்யும்போது சொன்னவர், நாள், இடம் குறிக்கவும், அவர் இசைவைப் பெறவும் கற்பிப்பார்.

இவ்வெடுத்துக்காட்டில் நெறியாளர் தம் ஊர்ப்பெயர்ப் புலமையை மிகுதியும் பயன்படுத்தவில்லை. எப்போது வினவுதல், எப்போது நிறுத்துதல், எப்போது வாளா இருத்தல் என்னும் திறத்தையே பயன்படுத்தினார். இத்திறம் பிறவியில் வருவதன்று; கற்றலால் வருவது.

6. பயிற்சியில் அடங்க வேண்டியவை

தமிழ்த்துறைகள் பெருஞ்செலவின்றித் தாமே நடத்தத்தக்க பயிற்சியின் கூறுகளை இனித் தொகுத்துரைப்போம்.

முதலாவது, வரைவைப் படிக்கும் பயிற்சி. பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து பெயர் நீக்கிய பதினைந்து பக்கங்களைத் துறையினர் நால்வர் தனித்தனியே படித்துக் குறிப்பெழுதி, பின்னர் ஒருங்கமர்ந்து ஒப்பிடுதல் வேண்டும். ஒருவர் ஒற்றுப்பிழைகளை மட்டும் வட்டமிட்டிருப்பார். ஒருவர் மேற்கோள் வடிவத்தைத் திருத்தியிருப்பார். ஒருவர் வாதத்தின் இடைவெளியைக் கண்டிருப்பார். தமிழ்த்துறையினராகிய நமக்குச் சந்திப்பிழை முதலிற் கண்ணிற் படுதல் இயல்பு. ஆனால் நீக்கப்பட வேண்டிய இயலுக்கு ஒற்றுத் திருத்துதல், இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடித்தலை ஒக்கும். முதலில் வினா, அடுத்துச் சான்று, பின் வாதம், இறுதியில் மொழி என்னும் வரிசையில் படித்தல் பழக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, இணைநெறியாளராக இருந்து கற்றல். புதியவர் ஒருவர், பட்டறிவுடைய நெறியாளரோடு ஒரு மாணவரின் தொடக்கம் முதல் வாய்மொழித் தேர்வு வரை உடனிருத்தல் வேண்டும். பண்டை மரபின் அணுக்கப் பயிற்சியை இன்றைய நிறுவனத்துள் மீட்கும் வழி இதுவே.

மூன்றாவது, எதிர்பார்ப்பு உடன்படிக்கையும் சந்திப்புப் பதிவும். எத்தனை நாட்கு ஒருமுறை சந்திப்பு, வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் குறிப்பு என்பவற்றை முதல் திங்களிலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் பேசியவை, செய்யவேண்டியவை, அடுத்த நாள் ஆகியவற்றை மாணவர் ஐந்தாறு வரிகளில் எழுத, இருவரும் கையொப்பமிடுதல் நன்று. இப்பதிவு நம்பிக்கையின்மைக்கு அடையாளம் அன்று, நினைவுக்குத் துணை. பிணக்கு வரின் இருவர்க்கும் காப்பு.

நான்காவது, துறைக் கருத்தரங்கு. திங்களுக்கு ஒருமுறை ஆய்வு மாணவர் ஒருவர் தம் பணியை மற்ற மாணவர்முன் உரைத்தல் வேண்டும். நன்னூல் கூறிய முக்காற்பகுதி இங்கேதான் கிட்டும். நெறியாளர் அங்கே தம் மாணவர்க்காக விடை கூறாமல் இருக்கப் பழகுதலும் ஒரு பயிற்சியே.

ஐந்தாவது, மூலங்களை அடையும் வழி. சிற்றூரிலிருந்து வரும் மாணவர்க்குச் சென்னையின் ரோஜா முத்தையா நூலகம் நெடுந்தொலைவு. இந்திய ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா தளமும், தமிழ் மின்னூலகங்களும் ஊரிலிருந்தே காணத்தக்கன. தம் தலைப்பில் முன்னர் வந்த ஆய்வேடுகளைத் தேடிக் கண்டு, அவற்றினின்று தாம் வேறுபடும் இடத்தை ஒரு பக்கத்தில் எழுதுமாறு முதற்பருவத்திலேயே பணித்தல், கூறியது கூறலைத் தடுக்கும்.

ஆறாவது, அறம். எழுத்துத் திருட்டைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டு விதிகள் ஒப்புமை அளவைப் பத்து, நாற்பது, அறுபது விழுக்காடு என வரையறுத்துத் தண்டனை வகுத்துள்ளன. ஆயின் மென்பொருள் தன்னிடம் உள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிடும். அச்சில் மட்டும் உள்ள பழைய தமிழ் நூலை அஃது அறியாது. ஆதலின் விழுக்காட்டை நம்பிக் கண்ணை மூடுதல் ஆகாது. மாணவரின் நடை திடீரென மாறும் இடத்தை உணர, அவர் நடையைத் தொடக்கம் முதல் படித்து வந்த நெறியாளர் ஒருவரே வல்லார். மாணவரின் உழைப்பில் விளைந்த கட்டுரையில் தம் பெயரை முன்வைத்தலும், வீட்டுப் பணிகளுக்கு மாணவரை ஏவுதலும், வாய்மொழித் தேர்வின் செலவுகளை அவர்மேல் சுமத்துதலும் அறமன்று. இவற்றைப் பேசாது விடுதல் இவற்றை வழக்கமாக்கும். பயிற்சியில் வெளிப்படையாகப் பேசுதலே முறை.

7. முடிவுரை

பயிற்சி தந்தால் அனைவரும் சிறந்த நெறியாளர் ஆவரோ எனின், ஆகார். இலக்கணம் கற்றார் அனைவரும் கவிஞர் ஆவதில்லை. எனினும் இலக்கணம் பிழையைத் தடுக்கும். அதுபோல நெறியாளர் பயிற்சி ஒவ்வொருவரையும் நிறைகோல் ஆக்காவிடினும், கழற்குடமும் மடற்பனையும் ஆகாமல் காக்கும்.

இதில் இழப்பு யாருடையது என்பதனையும் எண்ணுதல் வேண்டும். முறையாக நெறிப்படுத்தப்படாத ஆய்வேடு நூலகத்தில் ஒரு தொகுதியாக நிற்கும். துறையின் கணக்கில் ஓர் எண் கூடும். நெறியாளர்க்கும் ஒரு சிறப்புக் கூடும். இழப்பு மாணவர்க்கே. வ. புதுப்பட்டியிலிருந்து வரும் அம்மாணவர், வீட்டார் எதிர்பார்த்த வருவாயை ஐந்தாறு ஆண்டுகள் தள்ளிவைத்து வருகிறார். பட்டம் பெற்று மீளும்போது வினவும் முறையைக் கைக்கொண்டு மீள்வாராயின், அவர் நாளை பத்துப்பேரை ஆராய்விப்பார். பட்டத்தை மட்டும் கொண்டு மீள்வாராயின், தாம் பெற்ற குறையையே பத்துப்பேர்க்கும் வழங்குவார்.

இவ்வட்டாரக் கலைக்கல்லூரிகள் பலவற்றுக்குத் தாயாக விளங்கும் மதுரைப் பல்கலைக்கழகம், 1966இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு தோன்றியது. 1971 முதல் 1974 வரை மு. வரதராசனார் அதனை வழிநடத்தினார். ஆராய்ந்தும் ஆராய்வித்தும் நின்ற அப்பெருமக்களின் வழியில் வந்த துறைகள், மாணவர்க்கு வகுத்துள்ள 12 மதிப்பலகுப் பாடப்பயிற்சிக்கு ஈடாக நெறியாளர்க்கும் ஒரு குறுகிய பயிற்சியை வகுத்து, அதனை முடித்தார்க்கே முதல் மாணவரை ஒப்படைத்தல் என்னும் நடைமுறையைத் தாமே மேற்கொள்ளலாம். விதி வற்புறுத்தும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பிறவினைக்கும் தனி இலக்கணம் உண்டு என்று அறிந்த மொழியினர் நாம். அவ்விலக்கணத்தைக் கற்பிக்கும் கடமையும் நம்முடையதே.